சாப்பிட்டதும் சாப்பாடு மேலே வருகிறதா? ரூமினேஷன் சிண்ட்ரோமைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

வாந்தி, வாந்தி என்று சொல்லிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைகிறவர்களில் சிலருக்கு இருப்பது வாந்தியே இல்லை. சாப்பிட்டு எழுந்த பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டது அப்படியே வாய்க்கு வந்துவிடும். குமட்டல் இருக்காது, ஓங்கரிப்பும் இருக்காது. வந்ததைச் சிலர் மறுபடி மென்று விழுங்கிவிடுவார்கள், சிலர் துப்பிவிடுவார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் இப்படியே வந்து வந்து போய், அப்புறம் தானாக நின்றுவிடும். அடுத்த வேளை சாப்பிட்டால் மறுபடியும் ஆரம்பம். இதற்கு ரூமினேஷன் சிண்ட்ரோம் என்று பெயர்.

என் அக்கா மகளுக்கு ப்ளஸ் ஒன் படிக்கும்போது இது வந்தது. அவளோடு சென்னை மருத்துவமனைகளுக்குப் போய் வந்ததில் தெரிந்துகொண்டதையும், பிறகு படித்தும் கேட்டும் அறிந்ததையும் வைத்து, இதில் புதிதாக மாட்டிக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. நோயைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர்தான். ஆனால் அவர் தீர்மானிப்பதற்கு வேண்டிய தகவலில் பெரும்பங்கு நம் கையில் இருக்கிறது. அதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது, சிகிச்சையை வீட்டில் எப்படி விடாமல் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

உள்ளே நடப்பது என்ன

இரைப்பை நிறைந்திருக்கும்போது வயிற்றுச் சுவரின் தசைகள் சட்டென்று இறுகுகின்றன. பற்பசைக் குழாயை நடுவில் அமுக்கியதுபோல இரைப்பைக்குள் அழுத்தம் ஏறுகிறது. உணவுக்குழாயின் அடியில் உள்ள வால்வு அந்த நேரம் பார்த்துத் தளர்ந்துகொடுக்க, சாப்பாடு மேலேறிவிடுகிறது. இரைப்பையில் புண் இருக்க வேண்டியதில்லை, அமிலம் அதிகமாக இருக்க வேண்டியதும் இல்லை. தசைகள் பழகிக்கொண்ட ஒரு தவறான வேலை இது. பலருக்கு ஒரு வயிற்றுப்போக்கு, வைரஸ் காய்ச்சல், அல்லது மனசைப் பிசைந்த ஏதோ ஒரு காலத்தைத் தொடர்ந்து ஆரம்பிக்கும். ஆரம்பித்த காரணம் போன பின்னும் பழக்கம் மட்டும் தங்கிவிடும்.

உடல் இதைக் கற்றுக்கொள்ளும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பெரிய உடலியல் அறிஞர் பிரௌன்-செக்கார், இரைப்பை நீரை ஆராய்வதற்காக நூலில் கட்டிய ஸ்பாஞ்ச் துண்டுகளை விழுங்கி வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். அப்படிச் செய்து செய்து, சாப்பிட்டதெல்லாம் வாய்க்குத் திரும்பும் பழக்கம் அவருக்கே வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் அக்கா மகள் சாப்பிட்ட பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். சாம்பார் சாதம் முடித்து, தயிர் சாதமும் முடித்து, பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். பேசிக்கொண்டேயிருந்தவளின் விலா எலும்புக்குக் கீழே வயிறு ஒரு கணம் உள்ளே ஒடுங்கியது. தோள் இரண்டும் லேசாக முன்னால் வந்தன. பேச்சு நின்றது, கன்னம் உப்பியது, விழுங்கினாள். மறுபடி பேச்சைத் தொடர்ந்தாள். எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள். வயிறு ஒடுங்கியதே அவளுக்குத் தெரியவில்லை. "சித்தி, நான் வேணும்னு செய்யல" என்று அவள் அம்மாவிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொன்னாள். அது உண்மை. பிள்ளைகளைத் திட்டுவதாலோ மிரட்டுவதாலோ இது நிற்காது. ஒளிந்து துப்பத்தான் கற்றுக்கொள்வார்கள், நோய் தெரிய இன்னும் வருஷம் ஆகும்.

முதல் வேலை: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு நோட்டில் ஒரு வாரத்துக்கு எழுதுங்கள். என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, முதல் தடவை மேலே வந்தது எத்தனை நிமிடம் கழித்து, எப்போது நின்றது. வந்ததன் ருசி ரொம்ப முக்கியம். சாப்பிட்ட அதே ருசியா, புளிப்பா, கசப்பா? ரூமினேஷனில் பெரும்பாலும் சாப்பிட்ட ருசியே இருக்கும், புளிக்க ஆரம்பிக்கும்போது நின்றுவிடும். வருவதற்கு முன் குமட்டலோ எச்சில் ஊறலோ ஓங்கரிப்போ இருந்ததா, தூக்கத்தில் எப்போதாவது வந்ததா, தண்ணீர் மட்டும் குடித்தாலும் வருகிறதா, விழுங்கினோமா துப்பினோமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து அதையும் எழுதுங்கள்.

சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால், சாப்பிட்ட பிறகு பக்கவாட்டில் இருந்து வயிறும் முகமும் தெரியும்படி செல்போனில் சின்ன வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் விளக்கி முடியாத விஷயம் அதில் தெரிந்துவிடும்.

நோட்டு எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. விழுங்கும்போது சாப்பாடு நெஞ்சில் சிக்குவது, ரத்தமோ காப்பித்தூள் நிறத்திலோ வாந்தி, கறுப்பு மலம், பச்சையாகப் பித்த வாந்தி, தூக்கத்தைக் கலைத்து வரும் வாந்தி, காலையில் தலைவலியோடு வரும் வாந்தி, கடும் வயிற்றுவலி, வேகமாகக் குறையும் எடை, சிறுநீர் குறைந்து மயக்கம் வருவது. இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக எதுக்களிப்பு ஆரம்பித்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே போவது, எப்படிச் சொல்வது

பார்க்க வேண்டியது குடல் இரைப்பை மருத்துவரை, அதாவது கேஸ்ட்ரோ டாக்டரை. சென்னையில் அரசு மருத்துவமனை என்றால் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி, அப்புறம் கீழ்ப்பாக்கம். குழந்தைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. புறநோயாளிப் பிரிவு காலையில்தான், சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். பழைய மருந்துச் சீட்டு, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவுக்குப் போவது என்று குழப்பமாக இருந்தால் 104-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

உள்ளே போனதும் 'வாந்தி' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். வாந்திக்கு மாத்திரை எழுதப்படும், கதை அங்கேயே முடிந்துவிடும். 'அசிடிட்டி', 'கேஸ்' என்று ஆரம்பித்தாலும் அதே கதைதான். இப்படிச் சொல்லுங்கள்: "சாப்பிட்ட பத்து நிமிஷத்துல, குமட்டலும் ஓங்கரிப்பும் இல்லாம, சாப்பாடு தானா வாய்க்கு வருது. சாப்பிட்ட ருசிதான் இருக்கு. தூக்கத்துல வர்றதில்ல. இவ்வளவு மாசமா இருக்கு." எங்கள் விஷயத்தில் திருப்பம் வந்தது ஒரே ஒரு கேள்வியில். "வர்றது என்ன ருசி?" என்று கேட்டார் அந்த மருத்துவர். "சாம்பார் ருசிதான் டாக்டர்" என்றாள் இவள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அதற்குப் பிறகு நீண்ட நேரம் கேள்வி கேட்டார்.

இது ரூமினேஷனாக இருக்கலாமா என்று நீங்களே கேட்பதில் தப்பில்லை. அடிக்கடி பார்க்கிற நோய் இல்லை என்பதால் நினைவுபடுத்துவது உதவியே.

மருத்துவர்கள் பயன்படுத்தும் ரோம் 4 என்ற பன்னாட்டு வரையறை 2016-இல் வெளிவந்தது. அதன்படி பெரியவர்களுக்கு இந்த எதுக்களிப்பு கடந்த 3 மாதமாக இருக்க வேண்டும், தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், முன்னால் ஓங்கரிப்பு இருக்கக் கூடாது. சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் 2 மாதம் போதும். அவர்களுக்குச் சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே தொடங்க வேண்டும், தூக்கத்தில் வரக் கூடாது, வேறு நோயால் விளக்க முடியாததாக இருக்க வேண்டும். ஆக, நோய் பெரும்பாலும் நாம் சொல்லும் விவரத்திலேயே கண்டுபிடிக்கப்படுகிறது. நோட்டை அதற்காகத்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இதோடு குழம்பக்கூடியவை

அமில எதுக்களிப்பு நோயில் நெஞ்செரிச்சலும் புளிப்பும் இருக்கும், படுத்தாலும் குனிந்தாலும் கூடும், ராத்திரியிலும் வரும். இரைப்பை மெதுவாகக் காலியாகும் கேஸ்ட்ரோபரேசிஸில், சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்துக் குமட்டலோடு வாந்தி வரும். நம் ஊரில் சர்க்கரை நோயாளிகள் ஏராளம் என்பதால் அவர்களுக்கு இதை மறக்காமல் பார்க்க வேண்டும். உணவுக்குழாயின் அடி வால்வு சரியாகத் திறக்காத அகலேசியா கொஞ்சம் ஏமாற்றும். அதிலும் மேலே வருவது புளிக்காது, ஏனென்றால் அது இரைப்பைக்கே போயிருக்காது. ஆனால் கெட்டி உணவோடு தண்ணீரும் நெஞ்சில் நிற்கும், ராத்திரி இருமல் வரும்.

இன்னொன்று, எடை கூடிவிடும் என்ற பயத்தில் தானே வாந்தி எடுப்பது. வளரிளம் பருவத்தினரிடம் இதை மருத்துவர் தனியாகக் கேட்பார். அப்போது பெற்றோர் வெளியே உட்காருங்கள், கோபப்படாதீர்கள். கேட்டாக வேண்டிய கேள்வி அது. பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் அப்படித்தான்.

கைக்குழந்தைகள் பால் கக்குவது சாதாரணம், அதை இதோடு சேர்க்க வேண்டாம். 3 முதல் 8 மாதத்துக்குள் தொடங்கும் ரூமினேஷன் தனி வகை. குழந்தையோடு யாராவது கொஞ்சிக்கொண்டிருக்கும்போது வராது, தூக்கத்திலும் வராது. அதற்குக் குழந்தை மருத்துவர்தான் வழி சொல்ல வேண்டும். கீழே வரும் பயிற்சி அவர்களுக்கு இல்லை.

சோதனைகள்

எண்டோஸ்கோப்பி செய்வார்கள். 'நார்மல்' என்று வந்தால் 'உனக்கு ஒன்றும் இல்லை' என்று அர்த்தமில்லை. புண், அடைப்பு, கட்டி இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். தேவைப்பட்டால் பேரியம் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே, இரைப்பை காலியாகும் வேகம் பார்க்கும் ஸ்கேன் ஆகியவையும் எடுப்பார்கள்.

ரூமினேஷனை நேரடியாகக் காட்டும் சோதனை, இம்பிடன்ஸ் (சாப்பாடு நகர்வதைக் காட்டும் பதிவு) சேர்ந்த உயர்துல்லிய மேனோமெட்ரி. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இரைப்பை வரை இறக்கி அழுத்தத்தைப் பதிவு செய்வார்கள். இரைப்பை அழுத்தம் 30 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டும் அதே நேரத்தில் சாப்பாடு மேலேறுவது திரையில் தெரிந்தால் சந்தேகமே இல்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேனோமெட்ரி வழக்கமாக வெறும் வயிற்றில், தண்ணீர் மடக்குகளை விழுங்கவைத்துச் செய்யப்படுகிறது. ரூமினேஷன் வெறும் வயிற்றில் வராது, அதனால் ரிப்போர்ட் நார்மலாகவே வரக்கூடும். இந்த வசதி எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. முன்கூட்டியே போன் செய்து, "சாப்பிட்ட பிறகும் பதிவு பண்ணுவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். செய்வார்கள் என்றால், எதைச் சாப்பிட்டால் அதிகம் வருகிறதோ அதையே டிபன் பாக்ஸில் எடுத்துவரலாமா என்றும் கேளுங்கள்.

விவரம் தெளிவாக இருந்தால் இந்தச் சோதனை இல்லாமலேயே சிகிச்சை தொடங்கலாம். என் கருத்தும் அதுதான். செலவழித்துச் சோதனைக்கு மேல் சோதனை எடுப்பதைவிட, மூச்சுப் பயிற்சியை இன்றே ஆரம்பிப்பது மேல்.

சிகிச்சை: வயிற்றால் மூச்சு

இதுதான் முதல் சிகிச்சை. மாத்திரைகளுக்கு முன்னால் இருப்பது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் கீழே இறங்கி வயிறு தளர்ந்து விரியும்போது, அதே வயிற்றுத் தசைகளால் இறுக முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. அதோடு உணவுக்குழாயின் அடிப்பகுதிக்கும் உதரவிதானம் பிடிப்புக் கொடுக்கிறது.

முதல் சில நாள் வெறும் வயிற்றில் பழகுங்கள். பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். ஒரு கை நெஞ்சின் மேல், ஒரு கை தொப்புளுக்குச் சற்று மேலே. மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள், மனசுக்குள் நான்கு வரை எண்ணிக்கொண்டு. வயிற்றின் மேல் உள்ள கை உயர வேண்டும், நெஞ்சின் மேல் உள்ள கை அசையக் கூடாது. அப்புறம் உதட்டைக் குவித்து, ஆறு வரை எண்ணிக்கொண்டு மெதுவாக விடுங்கள், கை தானாக இறங்கட்டும். நிமிடத்துக்கு ஆறிலிருந்து எட்டு மூச்சு. ஐந்து நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு தடவை. படுத்து வசப்பட்ட பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அப்புறம் நின்றுகொண்டும் செய்து பாருங்கள்.

தப்பாகப் போகும் இடங்கள் சில. வயிற்றை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளுவார்கள். தள்ளுவதற்கும் தசை இறுகத்தான் செய்யும், பலன் இல்லை. வயிறு தளர்ந்து தானாக எழ வேண்டும். சிலர் வேகமாக மூச்சிழுத்துத் தலைசுற்றலில் நிறுத்திவிடுவார்கள். சுடிதார் நாடா, பாவாடை நாடா, பேன்ட் பெல்ட் இறுக்கமாக இருந்தால் வயிறு விரியவே இடமிருக்காது, சாப்பிட உட்காரும் முன் தளர்த்திவிடுங்கள். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, காலையில் யோகா மாதிரி ஒரு தடவை செய்துவிட்டுச் சாப்பிட்ட பிறகு மறந்துவிடுவது. இந்த மூச்சு வேலை செய்ய வேண்டிய நேரமே சாப்பிட்ட பிறகுதான்.

யோகா தெரிந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கபாலபாதி இதற்கு நேர் எதிரானது. வயிற்றை வெட்டி வெட்டி உள்ளே இழுக்கும் பயிற்சி அது. சாப்பிட்ட பிறகு அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

வசப்பட்டதும் சாப்பாட்டோடு சேருங்கள். கடைசிக் கவளம் முடிந்து கை கழுவியதும் நிமிர்ந்து உட்கார்ந்து, பத்துப் பதினைந்து நிமிடம் வயிற்று மூச்சு. குனிந்து தட்டு எடுப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் பிறகு. மேலே வருவதற்கு முன் பலருக்கு ஒரு சிறு அறிகுறி இருக்கும், நெஞ்சுக்குக் கீழே அழுத்தமோ, நிறைந்த உணர்வோ. அது வரும் கணத்தில் மூச்சை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இந்த அறிகுறியைப் பிடிக்கக் கற்றுக்கொள்வதுதான் பாதிச் சிகிச்சை. சாப்பாட்டின் நடுவிலேயே வருகிறவர்கள், சாம்பார் சாதம் முடிந்ததும் நிறுத்திச் சில மூச்சு விட்டுவிட்டு ரசத்துக்குப் போகலாம். அதையும் மீறி வாய்க்கு வந்துவிட்டால், அருவருப்பில்லாமல் விழுங்க முடிந்தால் விழுங்கிவிட்டு மூச்சைத் தொடருங்கள். சாப்பிட்ட சத்தாவது உடம்பில் தங்கும்.

ஆரம்பத்தில் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழகுவது எளிது. இரவுச் சாப்பாட்டை இரண்டு இட்லியில் தொடங்கி, வராமல் இருக்க இருக்கக் கூட்டிக்கொண்டே போங்கள். சோடா வேண்டாம், சாப்பிட்ட உடனே சொம்புத் தண்ணீரைக் கவிழ்ப்பதும் வேண்டாம். மற்றபடி இதற்கென்று பத்தியச் சாப்பாடு எதுவும் கிடையாது. காரத்தை நிறுத்து, பருப்பை நிறுத்து என்று ஒவ்வொன்றாக நிறுத்தி எலும்பும் தோலுமாக ஆகிவிடாதீர்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மைச் சாப்பிட்ட பிறகு மெல்வதும் சிலருக்குக் கைகொடுக்கிறது, பெரியவர்களும் பெரிய பிள்ளைகளும் முயன்று பார்க்கலாம்.

தனியாகப் பிடிபடவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட்டிடம் போய், மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டி, இரண்டு மூன்று தடவை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். பதற்றம், பரீட்சைப் பயம், துக்கம் எதுவும் கூடவே இருந்தால் மனநல ஆலோசகரின் உதவியும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். 'மனநலம்' என்று காதில் விழுந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள்.

மாத்திரை பற்றி

பாண்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகள் இந்த எதுக்களிப்பை நிறுத்தாது. உணவுக்குழாயில் புண் இருந்தால் அதற்கு உதவலாம். மூச்சுப் பயிற்சி மட்டும் போதாதவர்களுக்குச் சில மருத்துவர்கள் பேக்லோஃபென் என்ற தசை தளர்த்தும் மருந்தைத் தருகிறார்கள். 10 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு மூன்று வேளை கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில், எதுக்களிப்பு குறைந்தது. தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் வரலாம், பைக் ஓட்டுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து, திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை இல்லை இது. அறுவைச் சிகிச்சை அரிதிலும் அரிது. முதல் யோசனையாக அதை யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

பல், பள்ளிக்கூடம், விசேஷ வீடு

நாள்பட்ட எதுக்களிப்பு பற்களின் மேல்பூச்சை அரிக்கும். வந்து போனதும் தண்ணீரால் கொப்பளியுங்கள், உடனே பல் துலக்காதீர்கள். அரை மணி நேரமாவது போகட்டும். கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியரை நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். மருத்துவரின் கடிதம் கையில் இருந்தால் வேலை சுலபம். கேட்க வேண்டியது இரண்டுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் அமைதியாக உட்கார இடம், அதையடுத்த பி.டி. பீரியடில் விலக்கு. இவளுக்கு நூலகத்தில் உட்கார அனுமதி கிடைத்தது. அதுவரை மதியச் சாப்பாட்டையே தவிர்த்துக்கொண்டிருந்தவள் டப்பாவைக் காலி செய்து கொண்டுவர ஆரம்பித்தாள்.

கல்யாணப் பந்தியில் உங்கள் வேகத்தில் சாப்பிடுங்கள். முடித்ததும் அரட்டைக்கு நடுவிலேயே, யாருக்கும் தெரியாமல், நிமிர்ந்து உட்கார்ந்து இந்த மூச்சை விடலாம். கையை வயிற்றில் வைக்க வேண்டிய அவசியம் பழகிய பிறகு இருக்காது.

திரும்பி வந்தால்

நன்றாகிப் போனவருக்கும் ஒரு காய்ச்சலிலோ பரீட்சை மாதத்திலோ மறுபடி தலைகாட்டும். பயப்பட வேண்டாம். பாயில் படுத்து ஆரம்பித்த முதல் பாடத்திலிருந்து பயிற்சியைத் தொடங்குங்கள், நோட்டையும் எடுங்கள். ருசி, நேரம், ஓங்கரிப்பு எல்லாம் முன்பு போலவே இருந்தால் எண்டோஸ்கோப்பியை மறுபடி எடுத்துக்கொண்டிருக்கத் தேவையிருக்காது, அதே மருத்துவரிடம் நோட்டைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த முறை ராத்திரியில் வருகிறது, புளிக்கிறது, நெஞ்சில் சிக்குகிறது, எடை இறங்குகிறது என்று ஏதாவது மாறியிருந்தால், அதைப் பழைய நோயின் கணக்கில் எழுதாமல் புதிதாகக் காட்டுங்கள்.